சின்னப்பொண்ணுக்கு ஒன்றரைப் பேர்

காலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இரண்டு பெரட்டு நடக்கும். ஒன்று கீழே பெரட்டுக்களத்தில், கணக்கப்பிள்ளை நின்று ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவது என்று பிரித்துவிடுகிற பெரட்டு. அதற்கு நான் போகவேண்டியதில்லை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இன்னொன்று எனக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம். அதற்கும் நான் போகவேண்டியதில்லைதான். ஆனால் அந்தச் சுவர் கூரை வரைக்கும் எட்டாத சுவர். அதனால் வருடக்கணக்காகக் கம்பளிக்குள் கிடந்தபடியே அந்தப் பெரட்டில் நானும் கலந்துகொண்டேன்.

"பெரியவரு!"

"இருக்காருங்க."

"செவப்பி!"

"இருக்காங்க."

"வெள்ளச்சி!"

"இருக்காங்க."

"சின்னப்பொண்ணு!"

"இந்தா இருக்கா."

கூப்பிடுகிறவர் ஓய்வு பெற்ற கங்காணி. பதில் சொல்வது அவர் மனைவி. பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர்கள் எல்லாரும் குளுசைகள், டிஸ்பென்சரி மாத்திரைகள்.

பெரியவர் என்பது கங்காணியின் சீனி வருத்தத்துக்கான, அதாவது சர்க்கரை நோய்க்கான குளுசை. தொண்டையில் போகும்போது வழி விடச் சொல்லிக்கொண்டு போகிற அளவுக்குப் பெரிசு. செவப்பி அவருடைய பிரஷருக்கு. மற்ற இரண்டும் அந்த அம்மாவுடையவை. வெள்ளச்சி காலில் நீர் கட்டாமல் இருக்க. சின்னப்பொண்ணு இருதயத்துக்கு. நாலு பேரிலும் உருவத்தில் சின்னவள் அவள்தான், கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. பெரிய வேலையும் அவளுக்குத்தான்.

இது தொண்ணூறுகளின் கடைசி. வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து ஏறி நடந்தால் முக்கால் மணி நேரத்தில் வருகிற தோட்டம். ஆசிரியர் விடுதியின் கூரை ஒழுகுகிறது, திருத்தும்வரை லயத்தில் ஒரு காம்பராவில் இருங்கள் என்றார்கள். திருத்தினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எட்டு வருடம் இருந்துவிட்டு மாற்றம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது எனக்கு ஐம்பத்தைந்து. காலையில் மூன்று குளுசை, ராத்திரி இரண்டு. என் மனைவி ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி, அறைக்கு ஒரு கிழமையாக எழுதி ஒட்டியிருக்கிறாள். வியாழக்கிழமை அறையைத் திறந்தால் செவ்வாய்க்கிழமைக் குளுசை இருக்கும். அது எப்படி அங்கே போனது என்று அவள் கேட்பாள், நானும் அதையேதான் கேட்பேன். இப்படிப்பட்ட நேரங்களில் அந்தக் கங்காணியை நினைத்துக்கொள்வேன். நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும், பிறகு களைப்பு வரும். களைப்புதான் கூட நேரம் நிற்கும்.

தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் வேலை என்பது ஒரு பேர். எடுத்த கொழுந்து ரொம்பக் குறைந்தால் அரைப் பேர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனால் ஒன்றரைப் பேர். வயசாகி ஓய்வு கொடுத்துவிட்டால் பேர் வெட்டியாச்சு என்பார்கள். கங்காணிக்குப் பேர் வெட்டி ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. நாற்பது ஆளை மலையில் விட்டு வேலை வாங்கின மனுசன். ஒருநாள் காலையில் எழும்பிப் பார்த்தால் வேலை வாங்க ஒரு ஆளும் இல்லை. அந்த நேரம் பார்த்து கிளினிக்கில் குளுசை கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மற்றவர்கள் வீட்டில் குளுசை எப்படிப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். டிஸ்பென்சரியில் கொடுத்த காகித உறை சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். தலை சுற்றினால் எடுப்பார்கள், சுற்றாவிட்டால் மறப்பார்கள். பக்கத்து வீட்டில் யாருக்காவது மேல் வலித்தால், "இந்தா, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, இந்த ரோஸ் கலரு நல்லாக் கேக்கும்" என்று பாதியை உடைத்துக் கொடுப்பார்கள். உப்பும் நெருப்புக்குச்சியும் போல குளுசையும் லயம் முழுக்கச் சுற்றும். நான் படித்தவன். ஏழு நாளுக்குத் தந்த மருந்தை மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு என்று புத்தக அலமாரியில் பத்திரப்படுத்துகிறவன்.

கங்காணி வீட்டில் அதெல்லாம் நடக்காது. கடைசிக் காம்பராப் பெண் ஒருத்தி ஒருநாள் அவரிடம் வந்து, "ஐயா, ரெண்டு நாளாத் தல சுத்துது, ஒங்க செவப்புக் குளுசையில ஒண்ணு தாங்களேன்" என்று கேட்டாள்.

"செவப்பி என் பெரட்டு ஆளு. ஒரு பெரட்டு ஆள இன்னொரு பெரட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

"ஒரு குளுசைதானே ஐயா கேட்டேன். ஒங்க மகளயா பொண்ணு கேட்டேன்?"

"அவ அங்க வந்து ஒன் ஒடம்புல வழி தெரியாம எங்கயாச்சும் போயி நிப்பா. அப்புறம் என்னயத் திட்டக்கூடாது."

அவள் போகும்போது, "கெழவனுக்கு மண்ட கழண்டு போச்சு" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனாள். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த லயத்திலேயே குளுசை விஷயத்தில் சரியாகச் சொன்ன ஆள் கங்காணிதான்.

கப்சியூலை மட்டும் அவருக்குப் பிடிக்காது. ஒரு தடவை இருமலுக்கு டிஸ்பென்சரியில் கொடுத்தார்கள். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"என்னா சேர் இது, ரெண்டு கலரு சட்ட போட்டுருக்கான்?"

"உள்ள மருந்துத் தூள் இருக்குங்க கங்காணியய்யா. அப்புடியே முழுங்கணும்."

"மூஞ்சியக் காட்டாதவன எப்புடி வேலைக்கு எடுக்கிறது?"

சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து உடைத்தார். தூளை உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். முகம் கோணிப்போய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கசக்குறான். வேலக்காரன்தான்."

மிச்சத்தைப் பாலில்லாத சாயத்தண்ணியில் கலக்கிக் குடித்தார். எனக்கும் ஒரு துளி நாக்கில் வைத்தார். அன்றைக்குப் பகல் வரைக்கும் பிள்ளைகளுக்கு வாய்பாடு சொல்ல முடியாமல் துப்பிக்கொண்டே இருந்தேன்.

வேலை செய்யாத ஆளை அவர் நிறுத்திவிடவும் செய்வார். கிளினிக்கில் தெம்புக்கு என்று ஒரு பச்சைக் குளுசை தந்தார்கள். இரண்டு வாரம் பார்த்தார். தெம்பு ஒன்றும் வரவில்லை. "சும்மா வந்துட்டுப் போறான், மொடக்கன்" என்று சொல்லி, மிச்சமிருந்ததை எல்லாம் லயத்துக்குப் பின்னால் கொச்சி மிளகாய்ச் செடியடியில் புதைத்துவிட்டார். அந்த வருசம் அந்தச் செடி காய்த்துக் கொட்டியது. "பாத்தீங்களா சேர்? ஆளு நல்லவன்தான். என்கிட்ட வேல செய்யத்தான் புடிக்கல."

மனைவிக்குக் குளுசை கொடுக்கும்போது மட்டும் விளையாட்டு இருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் குரல் தாழ்ந்துவிடும்.

"நிமுந்து நில்லு. முழுங்கு. தண்ணி குடி. வாயத் தொற. நாக்கத் தூக்கு."

"போயிருச்சுங்க. நான் என்னா சின்னப் புள்ளயா?"

"தூக்கு புள்ள."

கொஞ்ச நேரம் சத்தமிருக்காது. நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார் என்று புரிந்துகொள்வேன்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று ஒருநாள் கேட்டேன். சாயங்காலம், இரண்டு பேரும் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், குந்தியிருந்தோம். மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த அம்மா பத்தொன்பது வருசம் அவருடைய ஆட்களோடேயே கொழுந்து எடுத்தவர். ஒருநாள் ஏழாம் நம்பர் மலையில் பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்குது என்று கூடையோடு உட்கார்ந்துவிட்டார். மற்ற பொம்பளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டிக்கு ஒரு ஞாயம், ஊருக்கு ஒரு ஞாயமா என்று கேட்டுவிடுவார்களோ என்று இவருக்குப் பயம்.

"எந்திரின்னு சத்தம் போட்டேன். எந்திரிக்கல. கொழுந்தும் கொறவு. அன்னிக்கு அவளுக்கு அரப் பேருதான் போடச் சொன்னேன் சேர்."

"அப்ப வருத்தம்னு தெரியாதுல்லங்க."

"தெரியாதுதான்."

எனக்குப் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கத் தெரியும், அந்த மாதிரி இடத்தில் பேசத் தெரியாது. எழும்பிப் போய் விளக்கைப் போட்டேன்.

சின்னப்பொண்ணுக்கு ஒரு விசேஷம் உண்டு. சனி, ஞாயிறு அவளுக்கு லீவு. இதை ஏற்பாடு செய்தது டவுன் ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர். அன்றைக்குத் துணைக்கு நானும் போயிருந்தேன்.

"உந்தச் சின்னக் குளிசை ஒரு நாளைக்கு ஒண்டு. சனியும் ஞாயிறும் குடுக்கவேண்டாம், லீவு. மற்ற நாளையில ஒரு நாளும் தவறப்படாது. விளங்குதே?"

கங்காணி அசந்துபோனார். திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு.

"குளுசைக்கு லீவா? நம்ம தோட்டத்துல கூட சனிக்கெழம லீவு கெடையாதே சேர்!"

"கவுருமெந்துக் குளுசைங்க. என்னய மாதிரி."

அதிலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெரட்டில் சின்னப்பொண்ணு பேரைக் கூப்பிட மாட்டார். உறையை மடித்து மேல்தட்டில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்துவிடுவார். திங்கட்கிழமை திரும்ப எடுப்பார். லீவில் இருக்கிற ஆளை வேலைக்காரர்களோடு வைக்கக்கூடாதாம்.

அந்த மேல்தட்டால்தான் எல்லாம் வந்தது.

அவர்களுடைய ஒரே மகளை நல்லதண்ணி என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஊர் வழியாக மலை உச்சிக்கு யாத்திரை போகிற காலம் வந்தால் மருமகன் அங்கே கம்பளித் தொப்பிக் கடை போடுவார். அந்த வருசம் மகளும் கடையில் நிற்கவேண்டி வந்ததால், கைக்குழந்தையைப் பார்க்க அம்மாவை வரச்சொல்லிக் கேட்டிருந்தாள். அந்த அம்மா ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினார். கங்காணி வழக்கம்போலப் பெரட்டு எடுத்து, மனைவியின் பங்குக்கு வந்திருந்த ஆளை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். அந்தப் பங்கில் அன்றைக்குப் பெரட்டுக்கு வந்தது வெள்ளச்சி மட்டும்தான். சின்னப்பொண்ணு லீவில் இருந்தாள்.

திங்கட்கிழமை காலை மேல்தட்டில் கையை விட்டபோதுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது. அன்று முழுக்க இஸ்தோப்பில் அங்கேயும் இங்கேயும் நடந்தார். தோட்டத்து ஆபீஸ் டெலிபோனில் சொல்லிவிடலாம் என்றால் நல்லதண்ணியில் எங்கே எடுத்துச் சொல்வது? தானே போகலாம் என்றால் மூன்று பஸ் மாறவேண்டும், சீனியில் புண்ணான கால். வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்து இறங்கும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தவர் நன்றாகத்தான் இருந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கியது, மேட்டில் ஏறி வந்தால் எல்லாருக்கும் வாங்குகிற மாதிரி.

அடுத்த நாள் காலை என் வாசலில் வந்து நின்றார்.

"சேர், ஒரு கணக்கு."

என் வாழ்க்கையில் யாரும் தானாக வந்து என்னிடம் ஒரு கணக்குக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வரும். எனக்கு ரொம்பச் சந்தோசமாகிவிட்டது.

"சொல்லுங்க கங்காணியய்யா."

"சின்னப்பொண்ணு அஞ்சு நாளு வேலைக்கு வரல. டாக்டரய்யா ஒண்ணுகூட தவறக்கூடாதுன்னாரு. இவ நெஞ்சு அஞ்சு நாளு ஆளில்லாத மலையாக் கெடந்துருக்கு. அத எப்புடி சேர் புடிக்கிறது?"

"டிஸ்பென்சரியில கேட்டீங்களா?"

"அவரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. வர ஒரு வாரமாகுமாம். மலையில ஒரு சுத்து எடுக்காம விட்டா அடுத்த சுத்துக்கு ஆளு கூடப் போடணும். இல்லாட்டி கொழுந்து முத்திப்போயிரும். அஞ்சையும் ஒரேயடியாக் குடுத்துரவா?"

"சேச்சே! நெஞ்சு தாங்காதுங்க. பிரிச்சுக் குடுக்கணும்."

இந்த இடத்தில் எனக்கு ஒரு டாக்டர் பட்டமே கொடுத்திருக்கலாம். கட்டம் போட்ட கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். சனியிலிருந்து வெள்ளி வரை ஏழு கட்டம். விட்டுப்போனது ஐந்து, இந்த வாரத்துக்கு உரியது ஐந்து, ஆக மொத்தம் பத்து.

"ஞாயித்துக்கெழம வேலைக்கு வந்தா எத்தன பேரு கங்காணியய்யா?"

"ஒண்ணரப் பேரு."

"அப்ப சின்னப்பொண்ணுக்கும் ஒண்ணர. லீவ ரத்துப் பண்ணி ஏழு நாளும் ஒண்ணர ஒண்ணரயாக் குடுங்க. பத்தரை வருது. அர கூடப் போகுது, அத சின்னப்பொண்ணு சந்தோசமா வச்சுக்கட்டும்."

அவர் முகத்தில் ஐந்து நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எனக்கு ஒரு கோப்பை சாயத்தண்ணி அனுப்பினார். நல்ல சாயம்.

புதன்கிழமையிலிருந்து அந்த அம்மா ரொட்டி வாசம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வியாழக்கிழமை காலை குளுசையை முழுங்கிக் கொஞ்ச நேரத்தில் வாந்தி. சுவருக்கு அந்தப் பக்கம் கங்காணியின் குரல் கேட்டது.

"வேல செய்யாம வெளிய வந்துட்டா. இன்னொருத்திய அனுப்பணும்."

"வேணாங்க. முடியல."

"கணக்கு கொறஞ்சுரும் புள்ள. சேரு போட்டுக் குடுத்த கணக்கு. முழுங்கு."

எனக்கு அது கேட்டது. கேட்டுக்கொண்டே சவரம் செய்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த அம்மா வாசலில் குந்தி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், மலையெல்லாம் மஞ்சளா இருக்கு."

"மாரியம்மனுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனது இங்க வரைக்கும் தெறிச்சிருச்சு போல பெரியம்மா."

அவர் சிரிக்கவில்லை. "ஒங்க வெள்ளச் சட்டையும் மஞ்சளா இருக்கு" என்றார்.

கடைசிக் காம்பராப் பெண் வந்து காமாலையாக இருக்கும், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்றாள். இமையை இழுத்துப் பார்த்தேன். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. அப்போதுதான் நான் போட்டுக் கொடுத்த கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. கங்காணி மனைவியின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா அடிக்குது சேர். தப்பு அடிக்கிறவன் தூங்கி விழுந்து விழுந்து அடிக்கிற மாதிரி அடிக்குது."

கொழுந்து லொறி அப்போதுதான் பக்டரிக்குப் போகக் கிளம்பியிருந்தது. ஓடிப்போய் மறித்தேன். கொழுந்துச் சாக்குகளின் மேல் அந்த அம்மாவைப் படுக்கவைத்துத் தலையைக் கங்காணி மடியில் வைத்துக்கொண்டார். வழி முழுக்க அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அஞ்சு நாளு விட்டதுனாலதானே சேர் இப்புடி? புடிக்க முடியாமப் போச்சுல்ல?"

நான் "பாப்போம்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். இருந்தது ஒரு சிங்கள டாக்டரம்மா. சின்ன வயது, களைத்த முகம். கங்காணிக்குக் கடைத்தெருச் சிங்களம் மட்டும்தான் தெரியும், அதனால் மொழிபெயர்க்க நான் நின்றேன். நெஞ்சில் வயர்களை ஒட்டி ஒரு நீளக் காகிதம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா வேகமாகத் திரும்பினார். இருதயக் குளுசை எத்தனை கொடுத்தீர்கள்?

நான் மொழிபெயர்க்குமுன்னே கங்காணிக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, விரித்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவருக்கு அது நேர்மையாக வேலை நடந்ததற்கு அத்தாட்சி.

டாக்டரம்மா பார்த்தார். ஏழு கட்டம், ஏழு ஒன்றரை. அடியில் கூட்டுத்தொகை, அதற்கும் அடியில் இரட்டைக் கோடு.

"மேக லிவ்வே கவுத?"

இதை எழுதியது யார். இதைத் தமிழில் சொல்வது என் வேலை.

"கங்காணியய்யா, இத யாரு எழுதுனதுன்னு கேக்குறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்த நிமிசம்தான் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கவேண்டும். ஐந்து நாள் விட்டதால் வந்ததல்ல, விட்டதைப் பிடிக்கப் போனதால் வந்தது என்று. அந்தத் தாளைப் பார்த்தார். கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த மனைவியைப் பார்த்தார்.

"நான்தான்னு சொல்லுங்க சேர்."

சொன்னேன். என் சிங்களம் எப்போதும் தடுக்கித் தடுக்கித்தான் வரும். அந்த ஒரு வசனம் மட்டும் பிழையில்லாமல் வந்தது.

பிறகு டாக்டரம்மா அவரைத் திட்டினார். படிப்பறிவில்லாத மனுசன், விஷத்தைக் கையில் எடுத்து ஊட்டியிருக்கிறாய், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பாய், குளுசை என்ன கடலைக்கொட்டையா. ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அந்த நேர்மை மட்டும் என்னிடம் இருந்தது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திட்டு முடிந்ததும் டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, குரலை மாற்றி, நீங்கள் படித்தவர், ஆசிரியர், இனிமேல் இந்தம்மாவின் மருந்தெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கவேண்டும், இவரிடம் கொடுக்கவேண்டாம் என்றார்.

அதையும் மொழிபெயர்த்தேன்.

"சரிங்க" என்றார் கங்காணி.

இரண்டு நாள் அந்த அம்மா எந்தப் பக்கம் போவார் என்று தெரியவில்லை. கங்காணி வார்டு வாசலிலேயே கிடந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, சாப்பாடு வாங்கிக் கொடுப்பதும் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் காலை அந்த அம்மா தண்ணீர் கேட்டார். சுவர் என்ன நிறம் என்று நர்ஸ் கேட்டதற்கு, "வெள்ளதான், அழுக்கா இருக்கு" என்றார். வார்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கக்கூசுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் அவரிடம் கேட்டேன்.

"ஏங்க அப்புடிச் சொன்னீங்க?"

"எப்புடி?"

"எழுதுனது நீங்கன்னு."

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நீங்க புள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கிறவரு. ஒங்க பேரு கெட்டா யாரு சேர் புள்ளைகள அனுப்புவாங்க? எனக்குப் பேரு வெட்டி ஆறு வருசமாச்சு. கெட்டுப்போறதுக்கு என்னா இருக்கு?"

பிறகு வேறு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "முழுங்க மாட்டேன்னு சொன்னா சேர். நான்தான் வாயத் தொறன்னேன்."

அந்த அம்மா அதற்குப் பிறகும் ஐந்து வருசம் இருந்தார். கங்காணி அவருக்கு ஒரு வருசம் பின்னால் போனார். அதற்குள் நான் மாற்றம் வாங்கி வந்துவிட்டேன், இரண்டு சாவுக்கும் போகவில்லை. போகாததற்கு இரண்டு தடவையும் நல்ல காரணம் வைத்திருந்தேன்.

அந்த லயத்தில் நான் இருந்த மிச்சக் காலம் முழுக்க அந்த அம்மாவின் குளுசைகள் என் காம்பராவில்தான் இருந்தன. அதற்கப்புறம் பக்கத்தில் பெரட்டு நடக்கவில்லை. பெரியவரையும் செவப்பியையும் கங்காணி என்ன செய்தார் என்றும் எனக்குத் தெரியாது, சத்தமில்லாமல் முழுங்கியிருப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் கழித்து அந்த இருதயக் குளுசையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்கள். இனிமேல் பாதி. முதல் நாள் திங்கட்கிழமை. காலையில் இரண்டு பேரும் என் வாசலில் வந்து நின்றார்கள், டிஸ்பென்சரி வாசலில் நிற்கிற மாதிரி. மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, குளுசையை நடுவில் வைத்து, புது பிளேடால் வெட்டினேன். அவ்வளவு சின்ன சாமானை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பக்கம் கொஞ்சம் பெரிசாகவும் மறுபக்கம் கொஞ்சம் சிறிசாகவும் உடைந்து, நடுவில் மாவாகக் கொஞ்சம் சிந்தியது. எது பாதி என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பாதி என்றால் என்ன என்று வருசக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியவன்.

சிறிசாக இருந்ததை எடுத்து நீட்டினேன்.

"இது அரதானே சேர்?" என்றார் அந்த அம்மா.

"அரதாங்க பெரியம்மா."

"இன்னிக்கு இது மட்டுந்தானே?"

"இது மட்டுந்தான்."

வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பழக்கத்தில் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். கங்காணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிளேடு பிடித்திருந்த என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.